எலிக்குக் குறைந்த சர்க்கரை அப்பச்சிக்கும் குறையுமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, 61 வயது, பதினொரு வருஷமாகச் சர்க்கரை, அதற்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற இரண்டு மாத்திரைகள் எடுத்துக்கொள்கிறார். ஆறு மாதமாக நாவல் கொட்டையும் தேத்தாங்கொட்டையும் சேர்த்து அரைத்த பொடியைக் காலையில் ஒரு தேக்கரண்டி வெந்நீரில் கலந்து குடித்து வருகிறார். அதே சமயம் ராத்திரிப் பலகாரத்தை நாலு இட்லியிலிருந்து இரண்டாகக் குறைத்து, சாயங்காலம் ஊருணியைச் சுற்றி நடக்கவும் ஆரம்பித்திருக்கிறார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 170லிருந்து 140க்கு இறங்கியிருக்கிறது. ஆனால் போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அடிபட்டால் ஏறும் எஸ்ஜிபிடி என்ற எண் 78 வந்துவிட்டது, 40க்குள் இருக்க வேண்டியது. தம்பி தேடிப் பார்த்து, இந்த விதைகளின் சாறு எலிகளுக்குச் சர்க்கரையைக் குறைத்ததோடு கல்லீரலையும் காத்தது என்று சொல்லும் ஒரு ஆய்வுக் கட்டுரையைக் கண்டுபிடித்திருக்கிறார். இப்போது கேள்வி இதுதான்: மாத்திரைதான் கல்லீரலைக் கெடுக்கிறதா, மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை இரண்டு கரண்டி ஆக்கலாமா? அப்பத்தாவைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன் தம்பி. மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டியது பொடியை, டப்பாவை டாக்டரிடம் காட்டவும் வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது அந்தக் கட்டுரையில் இருக்கும் எலிகளுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் புரியும். காரைக்குடிப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் ஏழு வருஷம் எனக்கு இதே வேலைதான், விதையை அரைப்பதிலிருந்து எலியின் ஈரலை ஃபார்மலினில் போடுவது வரை கையால் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விதையிலிருந்து ஆரம்பிப்போம். கட்டுரையில் "விதைச் சாறு" என்று இருப்பதும் உங்கள் வீட்டு டப்பாவில் இருப்பதும் ஒன்றல்ல. நாவற்பழக் காலத்தில் கொட்டையைச் சேர்த்து, சதை ஒட்டாமல் கழுவி, நிழலில் உலர்த்துவோம். என் வீட்டு வளவில் முறத்தில் பரப்பி வைத்து, பத்து நாள் காக்கையை விரட்டியதெல்லாம் உண்டு. காய்ந்ததும் கரகரப்பாக அரைத்து சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியில் போடுவோம். கீழே குடுவையில் கரைப்பான் கொதிக்கும், ஆவி மேலே போய்க் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகப் பொடியின் மேல் விழும், ஓர் அளவு நிரம்பியதும் மொத்தமும் மடமடவென்று கீழே இறங்கும், மறுபடி ஆவியாகும். முதலில் ஹெக்சேன் விட்டு எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, அப்புறம் எத்தனால், அதாவது சாராயம், விடுவோம். பக்கக் குழாயில் இறங்கும் திரவம் நிறமில்லாமல் வரும் வரை, சில நாள் ராத்திரி முழுக்கக்கூட, ஓடும். பிறகு சாராயத்தைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி எடுத்தால் குடுவையின் அடியில் தார் மாதிரி கருப்பாக, நாக்கில் வைத்தால் கடுக்காயைப் போலத் துவர்க்கும் ஒன்று மிஞ்சும். அதுதான் கட்டுரை சொல்லும் சாறு. எங்களுக்கு 100 கிராம் பொடிக்கு ஏறத்தாழ 12 கிராம் கிடைக்கும். சாராயத்தில் இறங்குகிற பொருள் வேறு, வெந்நீரில் இறங்குகிற பொருள் வேறு, கொட்டையை அப்படியே விழுங்கினால் வயிற்றுக்குள் போகிற பொருள் வேறு.

இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இவ்வகைக் கட்டுரைகளில் எலிக்குக் கொடுக்கும் அளவு பெரும்பாலும் கிலோ எடைக்கு 200, 400 மில்லிகிராம் என்று இருக்கும். 400ஐ எடுத்துக்கொள்வோம். எலியின் அளவை மனிதனுக்கு அப்படியே பெருக்கக் கூடாது, உடல் பரப்பை வைத்து ஏறக்குறைய 6.2ஆல் வகுக்க வேண்டும். அப்போது கிலோவுக்கு 65 மில்லிகிராம் வருகிறது. அப்பச்சி 65 கிலோ என்று வைத்தால் ஒரு நாளைக்கு 4.2 கிராம் சாறு. அவ்வளவு சாறு எடுக்க 35 கிராம் கொட்டைப் பொடி வேண்டும். ஒரு தேக்கரண்டிக்கு 3 கிராம் என்றால் பன்னிரண்டு கரண்டி. அப்பச்சி குடிப்பது ஒன்று, அதிலும் பாதிதான் நாவல், மீதி தேத்தான். ஆகவே எலிக்கு நடந்தது அவருக்கும் நடக்கிறது என்று சொல்ல அளவே ஒத்துவரவில்லை. அதற்காகப் பன்னிரண்டு கரண்டி கொடுக்கலாமே என்று நினைத்துவிட வேண்டாம், அதன் விளைவு என்ன என்று அந்த எலிக் கட்டுரை உங்களுக்குச் சொல்லாது.

இனி எலிக்கு வருவோம். எலிக்குத் தானாகச் சர்க்கரை வராது, நாம்தான் வரவைக்க வேண்டும். அதற்கு இரண்டு நஞ்சுகளை அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஒன்று அலாக்சான், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை இது கொல்கிறது என்பது 1943லேயே தெரிந்துவிட்டது. இன்னொன்று ஸ்ட்ரெப்டோசோடோசின், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிடமிருந்து கிடைத்த பொருள், 1963லிருந்து இதற்குப் பயன்படுகிறது. குளுக்கோஸ் உள்ளே போகிற கதவு ஒன்று பீட்டா செல்லில் இருக்கிறது, குளுட்-2 என்று பெயர். ஸ்ட்ரெப்டோசோடோசினின் உடம்பில் ஒரு பாதி குளுக்கோஸ் மாதிரியே இருப்பதால் அந்தக் கதவு அதை உள்ளே விட்டுவிடும், உள்ளே போனதும் அது டிஎன்ஏவைச் சிதைக்கும்.

அதைச் செலுத்துகிற நாள் எப்போதும் பதற்றமாகத்தான் இருக்கும். சிட்ரேட் கரைசலை பிஎச் 4.5க்குச் சரிசெய்து பனிக்கட்டியில் வைத்து, மருந்தை அந்த நிமிஷம்தான் கரைக்க வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். எலிக்குக் கிலோவுக்கு 50, 55 மில்லிகிராம் என்று வயிற்றுக்குள் ஊசி. ஊசி போட்ட அன்று ராத்திரி எலிகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்போம். சர்க்கரை நோய் உண்டாக்க ஊசி போட்டுவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் எதற்கு என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். செல்கள் உடையும்போது அதிலிருந்த இன்சுலின் எல்லாம் ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டும், சர்க்கரை தாழ்ந்து எலி விடிவதற்குள் செத்துப்போகும், அதைத் தடுக்கத்தான். மூன்றாம் நாள் வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்போம், 250க்கு மேல் இருக்கும் எலிகளைத்தான் ஆய்வுக்குச் சேர்ப்போம். மீட்டரில் பார்க்கும் முன்பே கூண்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். முந்தின நாள் சாயங்காலம் போட்ட உமி காலையில் சொதசொதவென்று நனைந்து கிடக்கும், தண்ணீர் பாட்டில் காலியாக இருக்கும். நீரிழிவு என்ற பெயருக்கு அர்த்தம் அந்தக் கூண்டைத் தூக்கிப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது யோசியுங்கள். அந்த எலிக்கு வந்தது செல் செத்ததால் வந்த சர்க்கரை. அப்பச்சிக்கு இருப்பது வகை 2. அவர் உடம்பில் இன்சுலின் இருக்கிறது, தசையும் கல்லீரலும் அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை, வருஷம் போகப் போகக் கணையமும் களைத்துப்போகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் கதை வேறு. இதைச் சரிக்கட்ட நல்ல ஆய்வகங்களில் எலிக்கு முதலில் வாரக்கணக்கில் கொழுப்புத் தீனி கொடுத்து, அப்புறம் நஞ்சைக் குறைந்த அளவில் போடுகிறார்கள். நீங்கள் படித்த கட்டுரையில் என்ன செய்தார்கள் என்று செய்முறைப் பகுதியை எடுத்துப் பாருங்கள். ஒரே ஊசி, 50 மில்லிகிராமுக்கு மேல் என்றிருந்தால் அப்பச்சியின் நோய்க்கு அது தூரத்துச் சொந்தம்தான்.

அடுத்து பார்க்க வேண்டியது, சாறு எப்போது கொடுக்கப்பட்டது. ஊசிக்கு முன்பே ஒரு வாரம் சாறு கொடுத்திருந்தால், அங்கே சோதிக்கப்பட்டது நோய்க்கான மருந்தல்ல, நஞ்சுக்கு முறி. நாவல் கொட்டையில் துவர்ப்புப் பொருள் ஏராளம், அது நஞ்சினால் வரும் சேதத்தை மட்டுப்படுத்தும், செல் குறைவாகச் சாகும், சர்க்கரை குறைவாக ஏறும். பார்ப்பதற்கு அட்டவணையில் பிரமாதமாக இருக்கும். ஆனால் பதினொரு வருஷத்துக்கு முன்பே நோய் வந்துவிட்ட மனிதருக்கு அதனால் என்ன? ஊசி போட்டு, சர்க்கரை நிலைத்து, அப்புறம் 21 நாளோ 28 நாளோ சாறு கொடுத்துப் பார்த்திருந்தால்தான் அந்தக் கட்டுரையோடு பேசலாம். அலாக்சான் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், சில எலிகளுக்கு மருந்தே இல்லாமல் சர்க்கரை தானாக இறங்கிவிடும், அதனால் ஒன்றும் கொடுக்காத நோயுற்ற கூட்டத்தில் கடைசி நாள் வரை சர்க்கரை உயர்ந்தே இருந்ததா என்பது முக்கியம்.

நான் கட்டுரையைத் திறந்ததும் முதலில் தேடுவது ஒரே ஒரு வரிசையைத்தான்: நோயே இல்லாத எலிக்குச் சாறு மட்டும் கொடுத்த கூட்டம். அதில் சர்க்கரை குறைந்ததா, எடை குறைந்ததா, தீனி எவ்வளவு தின்றது, கல்லீரல் எண்கள் ஏறினவா? கிலோவுக்கு 400 மில்லிகிராம் துவர்ப்பை வயிற்றில் இறக்கினால் எலிக்குத் தீனி இறங்காது. தின்னாத எலிக்குச் சர்க்கரை குறையத்தான் செய்யும். பல கட்டுரைகளில் இந்தக் கூட்டமே இருக்காது, கூட்டத்துக்கு ஆறு எலி, யாருக்கு எந்தக் கூண்டு என்று குலுக்கிப் போட்டார்களா என்ற பேச்சே இருக்காது, ஈரலின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தவருக்கு எது எந்தக் கூட்டம் என்று முன்கூட்டியே தெரியுமா என்பதும் இருக்காது. தெரிந்து பார்த்தால் கண் நமக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். நானே அப்படிப் பார்த்திருக்கிறேன், பிறகு சீட்டை மறைத்து மறுபடி எண்ணியபோது பாதி வித்தியாசம் காணாமல் போனது. அந்த மாதம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை.

சோதனைக் குழாயில் மட்டும் செய்த ஆய்வுகளை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதியைச் சாறு தடுத்தது என்பார்கள். துவர்ப்புப் பொருள் எந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும், நொதியும் ஒரு புரதம்தான். தேயிலையைப் போட்டாலும் தடுக்கும், மாதுளைத் தோலைப் போட்டாலும் தடுக்கும். குழாயில் தடுத்தது என்பதை வைத்து மனிதனுக்கு ஒரு முடிவும் எடுக்க முடியாது.

சரி, கல்லீரல். உங்கள் கவலை அங்கேதான் இருக்கிறது.

எஸ்ஜிபிடி, அதையே இப்போது ஏஎல்டி என்று எழுதுகிறார்கள், கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி. செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். சாதாரணமாக 40 வரை என்று லேப் தாளில் போட்டிருப்பார்கள். கல்லீரலைக் காக்குமா என்று சோதிக்க எலிக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுப்பார்கள், ஆலிவ் எண்ணெயில் சரிபாதி கலந்து. கல்லீரலுக்குள் ஒரு நொதி அதை வெட்டி, எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும் ஒரு துண்டாக மாற்றும், அந்தத் துண்டுதான் செல் சவ்வைக் கிழிக்கும். ஏஎல்டி நூற்றுக்கணக்கில் ஏறும். அந்த ஈரலை வெளியே எடுத்துப் பார்த்தால் ஆத்தங்குடிக் கல் சிவப்பில் இருக்க வேண்டியது வெளிறி, மஞ்சள் பாய்ந்து, விரலில் வழுக்கும். இங்கே கவனிக்க வேண்டியது, வெட்டுகிற அந்த நொதியையே உங்கள் சாறு முடக்கிவிட்டால் நஞ்சு நஞ்சாகவே மாறாது, கல்லீரல் பிழைக்கும், "காத்தது" என்று கட்டுரை எழுதும். ஆனால் அதே நொதிக் குடும்பம்தான் மனிதன் சாப்பிடும் மாத்திரைகளையும் கழிக்கிறது. எலியில் பாதுகாப்பாகத் தெரிந்தது, மாத்திரை சாப்பிடும் மனிதரிடத்தில் மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் காரியமாகவும் ஆகலாம்.

ஸ்ட்ரெப்டோசோடோசின் எலிகளில் கல்லீரல் எண்கள் குறைந்தன என்று இருந்தால் அதிலும் ஒரு சிக்கல். பீட்டா செல்லில் இருக்கும் அதே குளுட்-2 கதவு கல்லீரல் செல்லிலும் இருக்கிறது. ஆகவே அந்த ஊசி கல்லீரலையும் நேரடியாக அடிக்கும். அடிபட்ட கல்லீரல் மூன்று வாரத்தில் தானாகவே கொஞ்சம் தேறும். சாறு ஆற்றியதா, காலம் ஆற்றியதா என்று பிரித்துச் சொல்ல நல்ல ஒப்பீட்டுக் கூட்டம் வேண்டும்.

அப்பச்சியின் கல்லீரலில் கார்பன் டெட்ராகுளோரைடு இல்லை. வகை 2 சர்க்கரை இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கும், 78 என்பதற்கு முதல் சந்தேகம் அதுதான். மாத்திரை கல்லீரலைக் கெடுக்கிறது என்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சு. மெட்ஃபார்மின் கல்லீரலில் உடைபடுவதே இல்லை, அப்படியே சிறுநீரகம் வழியாகப் போய்விடும், அதனால்தான் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள், ரொம்பத் தளர்ந்தால் நிறுத்துவார்கள். அந்த மெட்ஃபார்மினுக்கே மூலம் ஒரு செடிதான். ஐரோப்பாவில் காலேகா என்ற செடியை நாட்டு மருந்தாகக் கொடுத்து வந்தார்கள், அதில் இருந்த பொருள் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது, அந்தப் பொருளைப் பின்பற்றித்தான் நஞ்சு குறைந்த மெட்ஃபார்மினை உண்டாக்கினார்கள். கல்லீரலுக்குக் கொடுக்கும் சிலிமரின்கூட ஒரு முட்செடியின் விதையிலிருந்து வருவது. செடியை நான் குறைத்துப் பேசவில்லை, என் வாழ்க்கையில் நல்ல வருஷங்களை அதற்குத்தான் கொடுத்தேன். செடி மருந்தாக ஆவதற்குள் அது நடந்து வர வேண்டிய தூரம் இருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன்.

அந்தத் தூரத்தைக் கொஞ்சமாவது நடந்த விதை நம் அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது, வெந்தயம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். 1990ல் வந்த ஆய்வில் ஒரு நாளைக்கு 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி, ரொட்டி மாதிரி உணவோடு கலந்து, இரண்டு வேளையாக. சர்க்கரை குறைந்தது. பிறகு வகை 2 உள்ளவர்களுக்கு 25 கிராம் வைத்தும் பார்த்தார்கள். ஊறப்போட்டால் வழவழவென்று வருகிறதே, அந்த நார்ச்சத்துதான் குடலில் சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது, கூடவே இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஒரு அமினோ அமிலமும் அதில் உண்டு. அளவைக் கவனியுங்கள், 25 கிராம், 100 கிராம். காலையில் ஒரு சிட்டிகை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது இதற்கு ஈடல்ல.

நாவலுக்கு அப்படி அழுத்தமான மனித ஆதாரம் இல்லை. பிரேசிலில் நாவல் இலைத் தேநீரைச் சர்க்கரைக்குக் குடிக்கும் வழக்கம் உண்டு. அங்கேயே ஒரு குழுவினர் மாத்திரை ஒரு பிரிவுக்கு, தேநீர் ஒரு பிரிவுக்கு என்று பிரித்து, குடிப்பவருக்கும் தெரியாமல் கொடுப்பவருக்கும் தெரியாமல் சோதித்து 2006ல் வெளியிட்டார்கள். கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு இறங்கியது, தேநீர் குடித்தவர்களுக்கு இறங்கவில்லை. அது இலை, உங்களுடையது கொட்டை, ஆகவே இதோடு கதை முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் முழுக்க நம்பிக்கையோடு குடிக்கிற ஒன்று, முறையாக வைத்துப் பார்த்தால் எப்படிப் போகலாம் என்பதற்கு அது ஒரு உதாரணம். அப்பச்சிக்கு 30 குறைந்ததே என்பீர்கள். இரண்டு இட்லி குறைந்திருக்கிறது, தினமும் நடை சேர்ந்திருக்கிறது. நான் பந்தயம் கட்டினால் அந்த இட்லிமீதும் ஊருணிக்கரைமீதும்தான் கட்டுவேன்.

இப்போது டப்பாவைத் திறப்போம். இதில்தான் எனக்குப் பயம் அதிகம்.

தேத்தாங்கொட்டையும் எட்டிக்கொட்டையும் ஒரே குடும்பம் மட்டுமல்ல, ஒரே பேரினம். தேத்தான் சிறிசாக, உருண்டையாக, சட்டைப் பொத்தான் அளவுக்கு இருக்கும். எட்டி தட்டையாக, பழைய காசு மாதிரி வட்டமாக, மேலே பட்டு மாதிரி மயிரோடு இருக்கும். முழுசாக இருந்தால் குழந்தைகூடப் பிரித்துவிடும், பொடித்த பிறகு நானும் வெறும் கண்ணால் பிரிக்க மாட்டேன். எட்டியில் இருப்பது ஸ்ட்ரிக்னைன், வலிப்பு வந்து மூச்சு நிற்கும் நஞ்சு. அதனால்தான் ஆய்வுக்கு விதை எடுத்தால் கிளை, இலை, பூவோடு உலர்த்தி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இருக்கும் ராபினட் ஹெர்பேரியம் மாதிரி இடத்தில் காட்டி, இது இன்ன செடிதான் என்று எண் வாங்குவோம். கட்டுரையில் அந்த எண் இல்லையென்றால் நான் மேற்கொண்டு படிப்பதில்லை. உங்கள் டப்பாப் பொடிக்கு அந்த எண் கிடையாது.

அடுத்தது பூசணம். கொட்டை வகைகளைச் சரியாகக் காயவைக்காமல் மூட்டையில் கட்டினால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணம் பிடிக்கும், அது உண்டாக்கும் அஃப்லடாக்சின் நேரே கல்லீரலைத்தான் தாக்கும், நாள்பட்டால் கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அரைத்த பொடியில் பூசணம் கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் அந்த நஞ்சு முழுசாகப் போகாது. கல்லீரலைக் காக்க என்று வாங்கிய விதையே கல்லீரலுக்கு வினையாவது இப்படித்தான். ஒரு முறை நானே கடையில் வாங்கி வந்த கொட்டையை உடைத்துப் பார்த்தபோது, உள்ளே பருப்பின் பிளவில் பச்சைத் தூள் படிந்திருந்தது. வெளியே பார்க்க ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டையிலும் கைப்பிடி எடுத்து உடைத்துப் பார்க்காமல் அரைத்ததில்லை.

அப்புறம் கலப்படம். "மூலிகைப் பொடி, ஒரே வாரத்தில் குறையும்" என்று விற்பவற்றில் சர்க்கரை மாத்திரையையே பொடித்துக் கலப்பது புதிதல்ல. சிங்கப்பூரில் 2008ல் ஆண்மைக்கு என்று விற்ற திருட்டு மருந்துகளில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது, சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் சர்க்கரை தாழ்ந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். அப்பச்சி ஏற்கனவே கிளிமிபிரைடு சாப்பிடுகிறார், அது கணையத்தைத் தூண்டிச் சர்க்கரையை இறக்குகிற ரகம். அதோடு இன்னொரு அளவு தெரியாத இறக்கி சேர்ந்தால் விடியற்காலை வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். அப்படி எப்போதாவது ஆனதா என்று அவரிடம் கேளுங்கள், வயசானவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம், அதனால் டப்பாவின் மேல் அப்படி எழுதியிருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பொடியில் வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். சில கைப்பக்குவங்களில் கார்போகரிசி சேர்ப்பார்கள். நலங்கு மாவில் போட்டுக் குளிப்பது ஒரு விஷயம், வாய்க்குள் போவது வேறு விஷயம். அதை உள்ளே சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றிப் பல நாடுகளிலிருந்து மருத்துவக் குறிப்புகள் வந்திருக்கின்றன.

"எலிக்கு 2000 மில்லிகிராம் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை, ஆகவே பாதுகாப்பானது" என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி இருந்திருக்கும். அது ஒரே ஒரு தடவை கொடுத்து, பதினாலு நாள் எலி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. ஆறு மாதம் தினமும் குடிப்பதற்கு அது சான்றாகாது, அதற்கு 90 நாள் தினமும் கொடுத்து எல்லா உறுப்பையும் பார்க்கும் சோதனை தனியாக இருக்கிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது. பொடியை நிறுத்துங்கள், டப்பாவைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள், எத்தனை மாதமாக, எவ்வளவு, எங்கே வாங்கியது என்று எழுதி எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து என்று சொன்னால் திட்டுவார் என்று பலரும் மறைக்கிறார்கள், அது தெரியாமல் அவர் 78க்கு வேறு எங்கேயோ காரணம் தேடிக்கொண்டிருப்பார். முழுக் கல்லீரல் பரிசோதனை, மஞ்சள் காமாலை பி, சி இரண்டுக்கும் ரத்தம், வயிற்று ஸ்கேன், இவற்றை அவர் சொல்லக்கூடும். நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடி எஸ்ஜிபிடி பார்த்து, பொடி இல்லாமல் அது இறங்கினால் பொடிமேல் சந்தேகம் வலுக்கும், அதே இடத்தில் நின்றால் கொழுப்புக் கல்லீரலைக் கவனிக்க வேண்டியிருக்கும். இடையில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ, வாந்தியும் அரிப்பும் வந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள், ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். பொடியை நிறுத்திய வாரங்களில் காலைச் சர்க்கரையைக் குறித்து வையுங்கள். நடையும் இரண்டு இட்லியும் தொடர்ந்து 140லேயே நின்றால் உங்கள் கேள்விக்கு எலியைவிட நல்ல பதில் வீட்டிலேயே கிடைத்துவிடும். மூன்று மாத சராசரியைப் பார்க்க எச்பிஏ1சி எடுங்கள், ஒரு நாள் காலைக் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது சொன்னால், நம் வீடுகளில் அதைச் சீனியும் தேங்காயும் போட்டுத்தான் செய்கிறோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பத்தா விஷயம். ஊருணித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி, கலங்கல் அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை வார்த்துக் குடிப்பார், அதையும் நிறுத்தச் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கொட்டையில் இருக்கும் பிசின் மாதிரியான மாவுச்சத்தும் புரதமும் மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்கி அடிக்கு இழுக்கிறது. உரசுவதில் கரைவது மிகச் சொற்பம், அதிலும் பெரும்பகுதி சேற்றோடு கீழே போய்விடும், கரண்டி கரண்டியாகப் பொடியை விழுங்குவதோடு அதைச் சேர்க்க முடியாது. ஆனால் தண்ணீர் தெளிந்துவிட்டது என்பதால் கிருமி போய்விட்டது என்று ஆகாது. தெளிந்த தண்ணீரை வடித்து, ஒரு கொதி விட்டு ஆறவைத்து அப்பத்தாவுக்குக் கொடுங்கள். கொட்டையை அவர் கையால் பார்த்துப் பொறுக்கியதாக இருக்கட்டும், எட்டியைப் பிரிக்க உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.